மூத்தம்மாவுக்கும் ஒரு கல்விச் சுற்றுலா

உங்கள் உம்மா கடைசியாக வீட்டை விட்டு வெளியூர் போனது எப்போது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போயிருப்பார். மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருப்பார். கலியாண வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும் போயிருப்பார். அல்லாஹ் நாடியிருந்தால் ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ போய் வந்திருப்பார். இவற்றைத் தவிர, ஓர் இடத்தைப் பார்த்து அறிய வேண்டும், அதைப் பற்றி ஒருவர் விளக்கிச் சொல்லக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவர் பிரயாணம் போனதுண்டா?

பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் இல்லை என்பதுதான். பிள்ளைகளுக்குப் பாடசாலையில் வருடத்துக்கு ஒரு கல்விச் சுற்றுலா இருக்கிறது. மௌலவி ஆசிரியன் என்ற முறையில் அந்த பஸ்ஸில் நானும் பல தடவை போயிருக்கிறேன். ஏறியதும் பாட்டு, இறங்கியதும் தீனி. கல்வெட்டுக்கு முன்னால் நின்று நான் தொண்டை வறளப் பேசுவேன்; பிள்ளைகளின் கண்ணோ ஐஸ்கிறீம் வண்டியின் மேல் இருக்கும். அது அந்த வயதின் குணம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கேட்பதற்குப் பொறுமையும், கேட்டதைத் தன் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அனுபவமும், அதைப் பத்துப் பேருக்குத் திருப்பிச் சொல்லும் வாயும் உள்ளவர் யார்? வீட்டு முற்றத்தில் தஸ்பீஹோடு உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மூத்தம்மாதான். அவரை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வரலாறு வளரவில்லை என்று நாம் கவலைப்படுகிறோம்.

வயது போனவர்களுக்கும் பாடம் உண்டு என்பதை மேல்நாட்டார் அரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்துவிட்டார்கள். பிரான்ஸின் துலூஸ் நகரப் பல்கலைக்கழகம் 1973இல் ஓய்வு பெற்றவர்களுக்கென்றே வகுப்புகளைத் தொடங்கியது. 1975இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் 'எல்டர்ஹொஸ்டல்' என்ற அமைப்பு ஆரம்பமானது. கோடை விடுமுறையில் வெறுமையாகக் கிடந்த பல்கலைக்கழக விடுதிகளில் முதியவர்களைத் தங்க வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அதுவே பாடத்தோடு கூடிய பிரயாணமாக வளர்ந்து, இன்று பல நாடுகளின் பழைய நகரங்களுக்கு முதியோரை அழைத்துச் செல்கிறது. அறிந்தவர் ஒருவர் கூடவே வருவார். நடை மெதுவாக இருக்கும். கேள்வி கேட்க நேரம் இருக்கும்.

நமக்கு இது புதிய விஷயமா? பூமியில் பிரயாணம் செய்து, முன் சென்றவர்களின் முடிவைப் பாருங்கள் என்று அல்குர்ஆன் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் சொல்கிறது. அந்த அழைப்பில் வயதெல்லை எதுவும் போடப்படவில்லை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் எட்டுப் பேருக்கு ஒருவர் அறுபதைக் கடந்தவராக இருந்தார். அதன் பிறகு அந்தப் பங்கு கூடியே வந்திருக்கிறது. இத்தனை பேரையும் மருந்துப் போத்தலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் விட்டுவைப்பது எந்த வகையில் நியாயம்?

எட்டு இடம் வேண்டாம்

எங்கள் கிழக்கூரிலிருந்து பதினாறு பேர் கண்டிக்குப் போய் வந்தோம். ஆறு தம்பதியர்; மகன்மாரைத் துணையாகக் கொண்டு இரண்டு தாய்மார். ஆக மூத்தவருக்கு வயது 78. நான் விளக்கம் சொல்பவன். என் மனைவி பெண்களின் தேவைகளைக் கவனிப்பவர். இந்த இரண்டாவது பொறுப்பு முதலாவதைவிடப் பெரியது என்பதைப் போகும் வழியிலேயே எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

முதலில் ஒரு பிரயாண முகவரிடம் விசாரித்தோம். அவர் இரண்டு நாளில் எட்டு இடம் என்று ஒரு பட்டியலை நீட்டினார். யானைகள், பூந்தோட்டம், நீர்வீழ்ச்சி, நுவரெலியா, இடையில் இரத்தினக்கல் கடை ஒன்று. முழங்கால் வலிக்காரருக்கு இது சுற்றுலா அல்ல, தண்டனை. நாங்கள் மூன்று நாள் வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று இடம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரிப்பு. தரிக்கும் இடத்தில் சுத்தமான மலசலகூடம் இருக்கிறதா, அது உட்கார்ந்து எழக்கூடியதா, படி எத்தனை என்பதை ஒரு வாரம் முன்பே ஓர் இளைஞரை அனுப்பிப் பார்க்கச் சொன்னோம். பிரயாணம் என்றதும் நம் தாய்மார் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தலைச்சுற்றும் மூத்திரக்கடுப்பும் வருவது அதனால்தான். மலசலகூடம் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் பயமில்லாமல் தண்ணீர் குடிப்பார்கள்.

புறப்படுவதற்கு முந்திய வாரம் இரண்டு இரவு இஷாவுக்குப் பிறகு எல்லோரையும் ஒரு வீட்டில் கூட்டி வகுப்பு நடத்தினோம். முதல் இரவு பிரயாணத் தொழுகை. எங்கள் ஊரிலிருந்து கண்டி கஸ்ருடைய தூரத்தைத் தாண்டியது. போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் எண்ணமும் இல்லை. ஆகவே நான்கு றக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். எழுபது வயது வரை இந்தச் சலுகையை ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத பெண்கள் அங்கே இருந்தார்கள். இரண்டாவது இரவு கண்டி இராச்சியத்தின் கதை. சுவரில் ஒரு பெரிய படம் மாட்டி, கடலையும் மலையையும் காட்டி, கரையைப் போர்த்துக்கேயர் பிடித்த பிறகும் மலைநாடு எப்படித் தப்பி நின்றது என்று சொன்னேன். பெரிய எழுத்தில் அச்சடித்த நான்கு பக்கத் தாள் ஒன்றையும் ஆளுக்கு ஒன்று கொடுத்தோம். வாசிக்கத் தெரியாதவர்கள் அதைப் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கக் கேட்டார்களாம். அப்படியென்றால் வீட்டுக்கு இரண்டு மாணவர்.

பதினெட்டு வளைவுக்கு முன்னால்

கிழக்கிலிருந்து கண்டிக்கு மஹியங்கனை வழியாகப் போவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, அப்போது கண்டியை ஆண்ட செனரத் மன்னன் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாறு சொல்கிறது. அகதியாக வந்தவருக்கு நிலம் கொடுத்த அரசனின் தலைநகரை நோக்கித்தான், நானூறு வருடத்துக்குப் பிறகு, அதே கிழக்கிலிருந்து எங்கள் பஸ் ஏறிப் போனது. இதைச் சொன்னபோது பின் ஆசனத்தில் இருந்த ஒரு மாமி, "அப்ப நாம நன்றி சொல்லத்தான் போறோமா மௌலவி?" என்று கேட்டார். அப்படியும் சொல்லலாம்.

மஹியங்கனைப் பகுதியில் பங்கரகம்மன என்றொரு முஸ்லிம் கிராமம் உண்டு. அதன் பெயரோடு சேர்ந்து ஒரு கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் (1635 முதல் 1687 வரை ஆண்டவன்) ஒரு சண்டையில் எதிரிகள் துரத்த ஓடிவந்து ஒரு மரப்பொந்துக்குள் ஒளிந்துகொண்டான். அதை ஒரு முஸ்லிம் பெண் கண்டாள். துரத்தி வந்தவர்கள் அரசன் எங்கே என்று கேட்டார்கள். அவள் வாய் திறக்கவில்லை. அவளை அங்கேயே வெட்டிக் கொன்றார்கள். பிறகு வெளியே வந்த அரசன் அவள் உடலைக் கண்டு, 'மா ரே லே', அதாவது என்னைக் காத்த இரத்தம் என்று சொல்லி அழுதான் என்றும், அவளுடைய உறவினருக்கு அந்தக் காணியை வழங்கினான் என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் நம்மைக் குறிக்கும் 'மரக்கல' என்ற சொல்லும் அதிலிருந்தே வந்தது என்பார்கள். மரக்கலத்தில் வந்தவர்கள் என்பதால் வந்த சொல் அது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சொல்லின் மூலம் எதுவாகவும் இருக்கட்டும். இந்தக் கதையை முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவரும் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் அந்தத் தாய்மாருக்கு அழுத்திச் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று ஒருவர் கேட்டார். பெயர் கதையில் இல்லை. அரசனுக்குப் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, அவன் கொடுத்த காணிக்குப் பெயர் இருக்கிறது. உயிரைக் கொடுத்தவளுக்கு இல்லை. பஸ்ஸில் இதைப் பற்றிப் பெண்கள் வெகுநேரம் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் குறுக்கிடவில்லை.

அதன் பிறகு பதினெட்டு வளைவு ஏற்றம். தெருவைத் திருத்தியிருந்தாலும் வளைவு வளைவுதான். இஞ்சித் துண்டு, தேசிக்காய், வாந்திப் பை, முன் ஆசனத்தில் நோயாளிகள் என்று எல்லாம் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். சாரதிக்கு அவசரம் இருக்கக் கூடாது. வெயில் சாய்வதற்கு முன் மேலே ஏறிவிடுங்கள்.

திகனையைக் கடக்கும்போது

மலை ஏறி இறங்கினால் தெல்தெனிய வரும். பழைய தெல்தெனிய நகரம் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போனது. நீர் மட்டம் இறங்கும் காலத்தில் அதன் இடிபாடுகள் வெளியே தெரியும். அதற்கு அடுத்து திகன. இந்த இரண்டு பெயரையும் கேட்டதும் பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது.

2018 மார்ச் மாதம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கியதில் காயமடைந்த ஒரு சிங்கள லொறிச் சாரதி இறந்துபோனார். அதன் பின் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களில் நம்மவர்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் மௌத்தானார். மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது.

வயது போனவர்களைக் கூட்டிப்போகும்போது இதையெல்லாம் ஏன் பேச வேண்டும், மனம் நோகாதா என்று ஒரு மகன் என்னிடம் மெதுவாகக் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் 1990ஐப் பார்த்தவர்கள், 2004 சுனாமியைப் பார்த்தவர்கள்; நம்மைவிட நெஞ்சுரம் உள்ளவர்கள். நல்லதை மட்டும் காட்டினால் அது வரலாறு அல்ல, வாழ்த்துமடல். ஆகவே திகனையில் நடந்ததைச் சொன்னேன். அதில் முதலில் அடிபட்டு இறந்தவரைப் பற்றியும் சொன்னேன். 1915ஐப் பற்றியும் சொன்னேன். கம்பளையில் பள்ளிவாசலைக் கடந்து பெரஹரா போவது பற்றிய தகராறு வருடக்கணக்காக வழக்காடப்பட்டு, கடைசியில் 1915 மே மாத வெசாக் நேரத்தில் கண்டி நகரின் காஸல் ஹில் வீதிப் பள்ளிவாசல் அருகே மோதலாக வெடித்து, நாட்டின் பல மாவட்டங்களுக்குப் பரவியது.

பேராசிரியை லோர்னா தேவராஜா என்ற சிங்கள வரலாற்றாசிரியை 1994இல் இலங்கை முஸ்லிம்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 900ஆம் ஆண்டிலிருந்து ஆயிரம் வருட இன ஒற்றுமை என்பது அதன் பொருள். அந்தக் கணக்கை அவர் 1915இல் நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள். ஆயிரம் வருட உறவு ஒரு பக்கம், அது முறிந்த நாட்கள் ஒரு பக்கம். நம் பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் இரண்டாவதை மட்டும் பார்த்து வளர்கிறார்கள். 'நீங்கள் எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்' என்று வகுப்பில் யாராவது கேட்டால் அந்தப் பிள்ளைக்குக் கோபம் வருகிறதே தவிரப் பதில் வருவதில்லை. முதலாவதைச் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஒருவர் வேண்டாமா?

1344ஆம் ஆண்டு

இரண்டாம் நாளை கண்டிக்குத் தென்மேற்கே, பிலிமத்தலாவைப் பக்கத்தில் உள்ள மூன்று இடங்களுக்கு ஒதுக்கினோம்: கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே. முதல் இரண்டும் விகாரைகள், மூன்றாவது தேவாலயம். மௌலவி எங்களை எங்கே கூட்டிப்போகிறார் என்று சிலருக்குச் சந்தேகம். அது நியாயமான கேள்வி என்பதால் பஸ்ஸிலேயே பதில் சொன்னேன். நாம் போவது பார்க்கவும் அறியவும். வணக்கத்தில் பங்குகொள்வதில்லை, பூ வைப்பதில்லை, கை கூப்புவதில்லை. அதே நேரம் அது இன்னொருவர் புனிதமாக மதிக்கும் இடம். செருப்பைக் கழற்றுவோம், குரலைத் தாழ்த்துவோம், சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்க மாட்டோம். உள்ளே போக மனம் ஒப்பாதவர் வெளி முற்றத்தில் இருந்து கட்டடத்தைப் பார்க்கலாம். அதிலும் பாடம் இருக்கிறது. மூன்று பேர் அப்படி இருந்தார்கள். யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை.

கடலாதெனிய வெறும் பாறையின் மேல் நிற்கும் கல் கட்டடம். வெறுங்காலோடு நடக்க வேண்டும், பத்து மணிக்கே கல் சுடத் தொடங்கிவிடும். ஆகவே காலையிலேயே போங்கள். தடித்த காலுறை ஒரு சோடி கையில் இருக்கட்டும். லங்காதிலகவுக்குப் படி ஏற வேண்டும், அது செங்குத்தானது. முழங்கால் முடியாத ஐந்து பேரைக் கீழே நிழலில் இருத்தி, அங்கேயே அவர்களுக்குத் தனியாகக் கதையைச் சொன்னோம். மேலே போனவர்கள் திரும்பி வந்து தாம் பார்த்ததை இவர்களுக்குச் சொன்னார்கள். என் விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

இரண்டுமே 1344இல் எழுந்தவை. கம்பளை தலைநகராக இருந்த காலம், நான்காம் புவனேகபாகு அரசன். கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி, லங்காதிலகவைக் கட்டியவர் ஸ்தபதி ராயர், இருவரும் தென்னிந்தியர். லங்காதிலகப் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. அறுநூற்றெண்பது வருடப் பழைய எழுத்து, நம் கண்ணுக்கு உடனே வாசிக்க வராது. ஆனாலும் அங்கே தமிழ் இருக்கிறது என்று தெரிந்ததுமே அந்த முதியவர்களின் முகத்தில் ஒரு மாற்றம்.

அதே 1344இல்தான் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார் என்பதை இங்கே சொன்னால்தான் சுவை. மாலைதீவிலிருந்து வந்த அவருடைய கப்பல் புத்தளம் கரையை அடைந்தது. அங்கே அவரைச் சந்தித்த ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழி விளங்கியவர். பாவா ஆதம் மலையைப் பார்க்க வேண்டும் என்று இவர் கேட்டதும், பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பினார். போகும் வழியில் குனகார் என்ற தலைநகரைக் கண்டதாக எழுதுகிறார். அது குருநாகல் என்பர் சிலர், கம்பளை என்பர் சிலர். அந்த நகருக்கு வெளியே ஷீராஸிலிருந்து வந்த ஷெய்க் உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது என்றும், அரசனும் மக்களும் அதைத் தரிசித்து மதித்தார்கள் என்றும் குறிப்பிடுகிறார். இந்த நாட்டவர் முஸ்லிம் பக்கீர்களைத் தம் வீட்டுக்குள் அழைத்து உணவளிக்கிறார்கள் என்பது அவரை வியப்பில் ஆழ்த்திய செய்தி. அதாவது லங்காதிலகவில் உளி ஓசை கேட்டுக்கொண்டிருந்த அதே வருடம், இதே மலைநாட்டுப் பக்கம் பாங்கோசையும் கேட்டிருக்கிறது. 'எப்போது வந்தீர்கள்' என்ற கேள்விக்கு இதைவிட அமைதியான பதில் எது?

எம்பெக்கே நடைக்கு இலகுவானது. மரத்தூண்களில் நூற்றுக்கணக்கான செதுக்கல்கள்: இரட்டைத் தலைக் கழுகு, பின்னிய கழுத்தோடு அன்னங்கள், மல்லர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். மணியாசனங்களையும் அரியணைகளையும் பார்த்துச் சலித்த ஒரு மூத்தம்மா, கயிறு முறுக்கியது போன்ற ஒரு கோலத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். சின்ன வயதில் பன்பாய் இழைத்தவர். இந்த இழை இப்படிப் போய் இப்படித் திரும்புகிறது என்று விரலைக் காற்றில் ஓட்டிக் காட்டினார். அவரைச் சுற்றிச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பாஷை தெரியாது; விரலைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்கள். செதுக்கலைத் தொடக் கூடாது என்பதை மட்டும் எல்லோருக்கும் முன்பே சொல்லிவையுங்கள். தொட்டுத் தொட்டே தேய்ந்துவிடும்.

வாவிக் கரையில்

மூன்றாம் நாள் நகரம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வெட்டுவித்த கண்டி வாவியின் கரை நடைபாதை சமதரையானது, நிழல் உள்ளது, உட்கார இடம் உள்ளது. முதியவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பறை கண்டியில் இல்லை. எதிரே தலதா மாளிகையும் அரசிருக்கைகளும் தெரியும். 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவ மண்டபத்தில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டு இராச்சியம் வெள்ளையர் கைக்குப் போன கதையை இங்கே இருந்துதான் சொன்னேன்.

அந்த இராச்சியத்தில் நம்மவர்களுக்கு இருந்த இடத்தையும் சொன்னேன். கரையிலிருந்து உப்பும் கருவாடும், மலையிலிருந்து பாக்கும் மிளகும் ஏற்றி இறக்கிய தவாள மாடுகள் பெரும்பாலும் முஸ்லிம்களுடையவை. அதற்கென்றே 'மடிகே பத்த' என்ற அரச திணைக்களம் இருந்தது. அரண்மனை வைத்தியர்களாகக் கோபால முதலியார் குடும்பத்தார் இருந்தார்கள். 1760இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனைக் கொல்ல நடந்த சதியை அரசனுக்கு அறிவித்தவர் ஒரு கோபால முதலியார்தான். 1660இல் பிடிபட்டு பத்தொன்பது வருடம் இங்கே கைதியாக இருந்த ஆங்கிலேயன் ரொபர்ட் நொக்ஸ், கண்டியிலிருந்த முஸ்லிம் பள்ளிக்கு நாட்டின் நிலக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்று முந்திய அரசர்கள் கட்டளையிட்டிருந்ததை எழுதி வைத்திருக்கிறான். பௌத்த அரசன், பள்ளிவாசலுக்கு வரி! இதைக் கேட்டு ஓய்வு பெற்ற ஒரு தபாலதிபர் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

கசப்பும் உண்டு. வெள்ளையர் வந்ததும் முஸ்லிம்களைக் கண்டிப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து பிரித்து, வெல்லஸ்ஸயில் ஹஜ்ஜி என்பவரை முஹாந்திரமாக நியமித்தார்கள். 1817இல் அங்கே வெடித்த கிளர்ச்சியின் முதல் பொறிகளில் ஒன்று அது, அவர் கொல்லப்பட்டார். பிரித்தாளுவது என்று புத்தகத்தில் படிப்பது இதைத்தான்.

அந்த ராஜா கடைசியில் என்ன ஆனார் என்று 78 வயதுக்காரர் கேட்டார். வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கிறது. வேலூர் என்றாலே நமக்குப் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தும் அங்கே ஓதி வந்த நம் ஆலிம்களும்தான் நினைவுக்கு வருவார்கள். கண்டியின் கடைசி அரசன் உறங்குவதும் அதே ஊரில்தான் என்பது கேட்டவர் பலருக்குப் புதுச் செய்தி.

கண்டிக்கு நாடு கடத்தப்பட்டு வந்தவரும் உண்டு. எகிப்தில் வெள்ளையரை எதிர்த்துப் போராடிய ஒராபி பாஷா தம் தோழர்களோடு 1883இல் கொழும்பில் வந்திறங்கினார். 1892இல் கண்டிக்குக் குடிமாறி, 1901இல்தான் தாயகம் திரும்பினார். இங்கே அவர் பெயரால் ஒரு கலாசார நிலையம் இருக்கிறது. அவரோடு வந்தவர்களுள் மஹ்மூத் ஸாமி அல்பாரூதியும் ஒருவர். அரபுக் கல்லூரியில் நாங்கள் இலக்கியப் பாடத்தில் படித்த அதே பாரூதி, நவீன அரபுக் கவிதையின் முன்னோடி. சரந்தீபிலிருந்து வீட்டையும் நாட்டையும் நினைத்து அவர் பாடிய கவிதைகளைப் படித்த காலத்தில், அந்தச் சரந்தீப் என்பது பெரும்பாலும் இந்தக் கண்டிதான் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

பெண்களுக்கு நான் அதிக நேரம் சொன்னது அறிஞர் சித்திலெப்பையைப் பற்றி. 1838இல் கண்டியில் பிறந்தவர், சட்டத்தரணி, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர், 1885இல் 'அசன்பே' கதையை எழுதித் தமிழின் ஆரம்பகால நாவலாசிரியர்களில் ஒருவரானவர், ஒராபி பாஷாவின் நண்பர். ஆங்கிலப் படிப்பே ஹராம் என்று சொல்லப்பட்ட அந்தக் காலத்தில், கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை வேண்டும் என்று முன்னின்று நடத்தியவர் அவர். அதைக் கேட்டுவிட்டு ஒரு மாமி, தன்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியதை எல்லோர் முன்னாலும் சொன்னார். இன்னொருவர், தான் பாடசாலையே போகவில்லை என்றார். நகரின் நடுவே உள்ள மீரா மகாம் பள்ளிவாசலில் ஆண்கள் தொழுதுவிட்டு வரும் வரைக்கும் அந்தப் பேச்சு முடியவில்லை.

நீங்களும் உங்கள் ஊரில் இதைத் தொடங்கலாம். பெரிய சங்கம் தேவையில்லை. பன்னிரண்டு முதல் பதினாறு பேர், ஒரு சிறிய பஸ், வாசித்துவிட்டு வரும் ஓர் ஆசிரியர் அல்லது ஆசிரியை, இரண்டு இளம் கைகள். மடக்கும் சக்கர நாற்காலி ஒன்று இரவலாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துகளை ஒவ்வொருவரின் பெயரும் எழுதிய பைகளில் போட்டு ஒருவர் பொறுப்பில் வையுங்கள். நீரிழிவுக்காரருக்குச் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. பிளேன்டீக்குச் சீனியைத் தனியே கொண்டுபோங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை கண்டியில் மழை குறைவு. எசல பெரஹரா நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களைத் தவிருங்கள். சன நெரிசலில் தடியூன்றி நடப்பவருக்கு வழி இராது, அறைக் கூலியும் ஏறிவிடும். நோன்புக் காலமும் வேண்டாம். செலவைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளலாம். பெருநாளைக்கு உம்மாவுக்கு வாங்கும் சாரியை ஒரு வருடம் நிறுத்தினாலே பெரும்பகுதி சேர்ந்துவிடும்.

எங்கள் குழு அடுத்ததாகக் கம்பளைக்குப் போக வேண்டும் என்கிறது. கஹட்டப்பிட்டிய ஸியாரமும் அக்குறணையின் பழைய பள்ளிவாசல்களும் கண்டியில் பார்க்காமல் விட்டவை. இந்தத் தடவை தாளை இரண்டு மொழியில் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து ஊர்ச் சிங்கள ஆசிரியை ஒருவர், தன்னுடைய அம்மாவையும் கூட்டிவரலாமா என்று கேட்டிருக்கிறாராம்.